விதையாக இருந்த முட்டை

புறக்கடையில் நாலு கோழி வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் இன்று முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் முட்டை போடும்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை போடும்?" நாட்டுக்கோழியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விடை உண்டு. ஐந்தரை மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் முட்டைக்கு வரும். வருஷத்துக்கு 60 முதல் 80 வரை இடும். பண்ணைக் கூண்டில் இருக்கும் லெகார்ன் வழிக் கோழி ஐந்து மாதத்துக்குள்ளாகவே தொடங்கி, வருஷத்துக்கு 300-ஐத் தாண்டிவிடுகிறது என்பதையும் கூடவே சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, நாட்டுக்கோழி ஒன்றுக்கும் உதவாதது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அப்படித்தான் பலர் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் கோழியிடம் என்ன கேட்கப்பட்டது என்று பார்க்காமல் அது தேறியதா தவறியதா என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கிராமத்து வீடு கோழியிடம் கேட்டது குஞ்சை. முட்டை அங்கே விளைச்சலாக இருந்ததைவிட விதையாக இருந்ததே அதிகம். குதிரில் கிடக்கும் விதைநெல்லை அளந்துவிட்டு இந்த வயல் இவ்வளவுதான் விளையும் என்று சொன்னால் எவ்வளவு பொருந்தாதோ, முட்டையை எண்ணி நாட்டுக்கோழியை எடைபோடுவதும் அவ்வளவே பொருந்தாது.

முட்டைக்கு வருவது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. வெடக்கோழியின் வெளிறிய கொண்டை சிவந்து தடிக்கும். சேவல் நெருங்கினால் ஓடாமல் பதுங்கி உட்காரும். பரண், வைக்கோல் படப்பு, அடுப்படி மூலை என்று இருட்டான இடமாகப் பார்த்து நுழைந்து நுழைந்து வெளியே வரும். பிறகு ஒரு தினுசாகக் கேறத் தொடங்கும். "கோழி கேறுது" என்றால் என்ன பொருள் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். முதல் சில முட்டைகள் சிறுத்திருக்கும், சிலசமயம் ஓடே இல்லாமல் தோல்முட்டையாக விழும். ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அந்த ஓட்டுக்கு வேண்டிய 2 கிராம் கால்சியம் இரையில் கிடைக்காவிட்டால், கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஆகவே வயது, உடல் எடை, புரதம், சுண்ணாம்பு, தண்ணீர், பயமில்லாத இருட்டு மூலை ஆகியவை எந்த ஊர்க் கோழிக்கும் வேண்டும். இவற்றோடு வெளிச்சமும் சேரும். மண்டையோட்டை ஊடுருவும் ஒளி மூளையின் அடிப்பகுதியைத் தூண்ட, அங்கிருந்து போகும் சுரப்புகள் சினைப்பையை எழுப்புகின்றன. குளிர்நாட்டுக் கோழிவளர்ப்பு நூல்கள் இந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகப் பேசும். பனிக்காலத்தில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும்போது அங்கே முட்டை நின்றுபோகும். விளக்கு வைத்து 14 மணி நேரமாக நீட்ட வேண்டும். நம் ஊரில் மிகக் குறுகிய டிசம்பர்ப் பகலே 11½ மணி, மிக நீண்ட ஜூன் பகல் 12¾ மணி. இடையில் இருப்பது ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். இங்கே கோழியின் நாட்காட்டியைச் சூரியனைவிடக் களத்துமேடும் மழையும் அதிகமாக எழுதின: தானியம் சிந்துகிறதா, ஈரத்தில் புழுபூச்சி கிளம்புகிறதா என்பதே பெரிது. இவை இரண்டையும்விடப் பெரிது, அடை.

பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் நாட்டுக்கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுகிறது. முட்டையிடுவது நின்றுவிடும். வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து தோல் சுடும். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். 21 நாள், ஒரு வாய் இரைக்கும் எச்சத்துக்கும் தவிர எழுந்திருக்காது. பொரித்த பிறகு இரண்டு, இரண்டரை மாதம் குஞ்சுகளோடேயே திரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முட்டையிட ஏறக்குறைய 20 நாள், அடைக்கு 21 நாள், குஞ்சு பேண இரண்டரை மாதம், எல்லாம் சேர்த்து ஒரு சுற்று நான்கு மாதம். வருஷத்துக்கு மூன்று சுற்று. சுற்றுக்குப் பதினான்கு என்று வைத்தாலும் 42 முட்டைதான். முட்டையை அவ்வப்போது எடுத்துவிட்டு, குஞ்சைச் சீக்கிரம் பிரித்துவிட்டால்தான் அந்த எண் மேலே ஏறும். வருஷத்தில் பத்து மாதம் தாயாக இருக்கிற ஒரு பறவையை அது முட்டையிடும் இரண்டு மாதத்தை வைத்தே மதிப்பிடுகிறோம்.

வரலாறு இதற்கு என்ன சொல்கிறது? கோழியைச் சிந்துவெளியில்தான் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2022-ல் வெளிவந்த ஆய்வுகள், உறுதியாக வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் ஏறக்குறைய கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது என்றும் காட்டின. நெல்லும் தினையும் விளைந்து குவிந்த இடத்துக்குக் காட்டுக்கோழி தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்பதே அந்த ஆய்வுகள் வரையும் சித்திரம். சங்கப் பாடல்களின் கோழி இந்தச் சித்திரத்துக்குள் அப்படியே பொருந்துகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், காயப்போட்ட தானியத்தைக் கவர வரும் கோழியை விரட்டக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காதிலிருக்கும் கனத்த குழையையே கழற்றி எறிகிறார்கள். உரையாசிரியர்கள் இதில் செல்வச் செழிப்பைக் கண்டார்கள். கோழி வளர்ப்பவர் கண்ணுக்கு வேறொன்றும் படும். அந்தக் கோழிக்கு யாரும் இரை வைக்கவில்லை. அது திருடித் தின்று வளர்கிறது. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டுவது வீட்டில் வாழும் குட்டைக்கால் பெட்டை ஒன்றை. மாலைவேளையில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன. எங்கே ஒண்டுவதென்று தெரியாமல் அது தன் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறது. ஆக, பெட்டை என்றதும் அந்தப் புலவர் மனத்தில் எழுவது குஞ்சுகளோடு நிற்கும் தாய். சேவலின் கதை தனி: முருகன் கொடியில் ஏறியது, யானையை வென்ற கோழியின் பெயரால் உறையூருக்கே கோழி என்று பேர் வந்தது, விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட சேவலுக்கு நடுகல்லே நிற்கிறது. பெட்டைக்கு இப்படிப்பட்ட புகழ் எதுவும் கிடைக்கவில்லை.

புலவர்கள் உவமைக்கு ஏற்றதைத்தான் எடுப்பார்கள்; அவர்கள் முட்டையை அதிகம் பேசாததால் யாரும் முட்டை தின்னவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முட்டை கொடுத்தார்கள், பாம்புப் புற்றில் பாலோடு முட்டை வைத்தார்கள், சந்தைக்கும் கொண்டுபோனார்கள். அதனால் பாட்டைவிட வீட்டு வழக்கத்தைச் சாட்சியாக அழைப்பதே நல்லது. கிராமத்துக் கைமுறைகளில் பெரும்பாலானவை எதைப் பற்றியவை என்று பாருங்கள். எந்த முட்டையை அடைக்கு வைப்பது: வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள், தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், வெடக்கோழியின் முதல் முட்டைகளை ஒதுக்கிவிடுவார்கள். எதில் வைப்பது: கூடையில் மணலோ உமியோ வைக்கோலோ பரப்பி, இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓர் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் மிளகாய் வற்றலும் போடுவார்கள். கத்திரி வெயிலில் அடை வைக்கத் தயங்குவார்கள். வாத்து முட்டையைக்கூடக் கோழியின் அடியில்தான் வைத்துப் பொரிப்பார்கள். பொரித்த குஞ்சுக்கு இரை தேட ஒரு நுட்பமான வழி இருந்தது: பழைய பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். குஞ்சு வளர அதைவிடச் சிறந்த புரதம் கிடையாது. முட்டையிடும் பெட்டைக்கென்று இப்படிப் பாடுபட்டு எதுவும் செய்ததாகக் கேள்வி இல்லை. அதற்குக் குப்பைமேடும் சிந்திய குருணையும் போதும். மொழியும் இதே பக்கம்தான் சாய்கிறது. அடை, அவயம், கூமுட்டை, பொரிப்பு, பஞ்சாரம் என்று குஞ்சு பெருக்கும் வேலைக்குச் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழியிலும் அந்தத் தாய்க்கோழிதான் வருகிறது.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் கெட்டியான பொருளாதாரம் இருந்தது. சேவல் திரியும் முற்றத்தில் கிடைக்கும் முட்டை கருக்கூடிய முட்டை. காற்றின் சூடு 27 டிகிரியைத் தாண்டினாலே அதற்குள் கரு அசையத் தொடங்கிவிடும். நம் ஊரில் வருஷத்தின் பெரும்பகுதி அந்தச் சூடு உண்டு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் முட்டை சில நாளில் பாழாகும் பொருள். அதைச் சேமித்து வைக்க இருந்த ஒரே உருப்படியான வழி, குஞ்சாக்கிவிடுவது. குஞ்சு தானே இரை தேடும், தானே எடை கூடும், வேண்டும்போது விற்கலாம். மருமகன் வந்தால் அடித்துக் குழம்பு வைக்கலாம், ஆடிக் கொடைக்கு நேர்ந்துவிடலாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தால் பிடித்துக் கொடுக்கலாம். பெண்களின் சிறுவாட்டுப் பணத்தில் பாதி பஞ்சாரத்துக்குள் உயிரோடு திரிந்துகொண்டிருந்தது என்றால் மிகையில்லை. பன்னிரண்டு குஞ்சில் பருந்தும் காக்கையும் கீரியும் கொண்டுபோனது போக ஐந்தே தேறினாலும், அந்த ஐந்தும் பன்னிரண்டு முட்டையைவிடப் பல மடங்கு விலைபெறும்.

அடை இல்லாத கோழி என்பது உலகத்துக்குப் புதிதும் இல்லை. எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே மண்ணால் கட்டிய பொரிப்பு அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துக் குஞ்சு பொரித்துவந்தார்கள். எருவுக்குள் புதைத்து முட்டை பொரிப்பதை அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமுர் அந்த அடுப்புகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அந்நாட்டு ஃபயூமி கோழி அடைக்கு அதிகம் படுக்காதது. அடுப்பு பொரித்துக் கொடுக்கிற நாட்டில் அடை படுக்காத கோழிக்கு நஷ்டம் இல்லை. அது இன்னொரு முட்டை இட்டுவிட்டுப் போகும். அப்படி அடுப்பு இல்லாத தமிழ்க் கிராமத்தில் அடை படுக்காத கோழியின் வம்சம் அத்தோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாக இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத பெட்டைதான். யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த குஞ்சு எங்கிருந்து வந்ததோ அந்த வழியே தேர்ந்தெடுத்தது.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், முட்டையிட நுழைந்த கோழியை உள்ளேயே பூட்டிவைக்கும் பொறிக்கூடு புழக்கத்துக்கு வந்தது. எந்தக் கோழி எத்தனை இட்டது என்று தனித்தனியே எழுதிவைக்க அதன் பிறகுதான் முடிந்தது. 1913-ல் ஓரிகான் வேளாண் கல்லூரியின் கோழி ஒன்று ஒரே ஆண்டில் 303 முட்டை இட்டதைப் பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள். எண்ணத் தொடங்கிய பிறகு அடை ஒரு விடுப்புநாளாக, ஒழிக்கவேண்டிய குற்றமாகத் தெரிய ஆரம்பித்தது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகப் பெயரைத் தாங்கிய வெள்ளை லெகார்னுக்கு அந்தக் குற்றம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இந்தியாவுக்கு அதை மும்முரமாகக் கொண்டுவந்தவர்களில் மிஷனரிகள் முன்வரிசை. தமிழ் பேசும் தெற்கில், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் லெகார்னை அறிமுகப்படுத்தியது, விவசாயிகள் முட்டையைச் சேர்ந்து விற்க ஏற்பாடும் செய்தது. அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் 1932-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். மார்த்தாண்டம் என்றால் இன்று எல்லோருக்கும் தேன்தான் ஞாபகம் வரும்; அங்கே முட்டையும் ஒரு காலத்தில் கனவாக இருந்தது. அங்கே நடந்த உண்மையான மாற்றம் இனத்தில் மட்டும் இல்லை. குஞ்சாகவேண்டிய முட்டை கூடையில் ஏறிச் சந்தைக்குப் போகும் பொருளானது. பத்தாண்டு கழித்து, சேவல் சேராமல் இட்ட முட்டையில் உயிர் இல்லை, பால் குடிக்கிறவர் அதை மறுக்கக் காரணமில்லை என்று காந்தி எழுதியபோது, முட்டை விதை என்ற நிலையிலிருந்து முழுதாகவே கழன்றுவிட்டது. இன்று கடையில் வாங்குகிற பண்ணை முட்டையை எந்தக் கோழியின் அடியில் வைத்தாலும் பொரிக்காது.

மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. எழுபதுகளில் நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகள் பெருகின. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. அதே ஆண்டு ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் அந்தத் தட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் அது வாரத்துக்கு ஐந்தானது.

இங்கேதான் என் வாதத்துக்கு மிக வலுவான மறுப்பு நிற்கிறது. லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் தட்டில் தினம் ஒரு முட்டை விழுகிறதென்றால், அதைச் சாத்தியமாக்கியது அடையை மறந்த கோழிதானே? ஆம். நாட்டுக்கோழியை நம்பியிருந்தால் அது ஒருநாளும் நடந்திருக்காது. பண்ணைக் கோழி ஊருக்கு முட்டை கொடுக்கிறது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஊருக்கு முட்டை கொடுப்பதும், ஒரு குடிசைக்கு அடுத்த தலைமுறைக் கோழி கொடுப்பதும் வேறு வேறு தொழில்கள். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவே. இரண்டாவது மறுப்பு, நாட்டுக்கோழி குறைவாக இடுவது பசியால், நல்ல தீவனம் போட்டால் அதுவும் நிறைய இடும் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. நல்ல இரை கிடைத்தால் முட்டை பெரிதாகும், சீக்கிரம் தொடங்கும், எண்ணிக்கையும் ஓரளவு கூடும். ஆனால் வயிறு நிறைந்த நாட்டுக்கோழியும் அடைக்குப் படுக்கும். அதைத் தெளிவிக்கத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் நம் ஊரில் பழைய வழக்கம். பசிதான் காரணம் என்றால் அதற்கு வேலையே இருந்திருக்காது. மூன்றாவது மறுப்பு சாவைப் பற்றியது. ஒரு வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவே காலியாகும் ஊரில் குஞ்சு பெருக்கி என்ன பயன்? இந்த நோய் இந்தியாவில் 1920-களின் கடைசியில் இமயமலைப் பகுதியின் ராணிக்கேட்டில் இனங்காணப்பட்டு அந்த ஊர்ப் பெயரையே பெற்றது; நாற்பதுகளில் முக்தேசுவரில் இருந்து தடுப்பூசி வந்தது. அதற்கு முன்னும், ஊசி எட்டாத கிராமங்களில் அதற்குப் பின்னும், பத்துக் கோழியில் ஒன்பது செத்த வீடு மறுபடி எழுந்தது எப்படி? மிஞ்சிய ஒரு பெட்டை அடைக்குப் படுத்ததால். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெட்டை படுத்ததால். குஞ்சுச் சாவு இந்த முறையின் பெரிய வீண்செலவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நஷ்டத்தைப் பணமில்லாமல் ஈடுகட்டியதும் இதே முறைதான்.

இன்று புறக்கடைக் கோழிக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் புறக்கடைக் கோழியினங்கள் ஏறக்குறைய 31.7 கோடி, முந்தைய 2012 கணக்கைவிட 46 சதவீதம் அதிகம். மொத்தக் கோழியினங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 12 கோடிக்குச் சற்று மேல் வைத்து முதலிடத்தில் நின்றது. ஆனால் முற்றத்தில் திரிவதெல்லாம் முற்றத்துக் கோழி என்று எண்ணிவிடக் கூடாது. ஹைதராபாத்தில் உருவான வனராஜாவும் கிராமப்பிரியாவும், இவை போன்ற மற்ற மேம்படுத்திய இனங்களும் நாட்டுக்கோழியின் நிறத்தோடு, அதைவிட அதிக எடையோடோ அதிக முட்டையோடோ வருகின்றன. திட்டங்களில் இலவசமாகவும் கிடைக்கின்றன. நல்ல கோழிகள்தான், முட்டைக்காக வளர்ப்பவருக்கு லாபம்தான். அந்த முட்டைகள் கூடுவதற்காக அவற்றிடமிருந்து எடுக்கப்பட்டது அடை. அவை கிழடானதும் வீடு அடுத்த குஞ்சுக்குப் பொரிப்பகத்திடமோ அடுத்த திட்டத்திடமோ கைநீட்ட வேண்டும். இது தெரிந்து வாங்கினால் தப்பில்லை. எனவே குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை மாதத்தில் முட்டை போடும், எத்தனை போடும் என்று கேட்டு முடித்த பிறகு, அடைக்குப் படுக்குமா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். படுக்காது என்றால், பக்கத்துத் தெருவில் படுக்கிற நாட்டுப் பெட்டை ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.